எந்தக் கார் வாங்கலாம்னு கேட்கிற தம்பிகளுக்கு

போன வாரம் ஆணி அதிகம், அதனால சனிக்கிழமைப் பதிவு வரலை. இந்த வாரம் வட்டியும் முதலுமா சேர்த்து எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் ரிமோட் கார் பந்தயத்துக்குப் போறதைப் பத்தி எழுதினாலே ரெண்டு கேள்வி வரும். முதல் கேள்வி, "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைக் காரா?" இதுக்கு எங்க அம்மாவுக்கே நான் பதில் சொன்னதில்லை, அதனால சாய்ஸ்ல விட்டுடறேன் :-) ரெண்டாவது கேள்வி, "எந்தக் கார் வாங்கலாம்?" எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு இந்த வருஷம் வந்திருக்கிற கோயம்புத்தூர் தம்பி இதைத்தான் கேட்டான். நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரன், ரத்தத்துலயே பெட்ரோல் ஓடுது போல. "அண்ணா, இருக்கறதுலயே வேகமா போற கார் எதுங்க?"ன்னான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். வேகமான காரைத் தேடாதே தம்பி, உன் கிளப்ல எந்தக் கார் அதிகமா ஓடுதுன்னு பாரு.

ஏன்னு சொல்றேன். இங்கே இங்கிலாந்துல ஊருக்கு ஊர் கிளப் இருக்கு. குளிர்காலத்துல ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஹாலை வாடகைக்கு எடுத்து, தரையில கம்பளம் விரிச்சு, ஓரத்துல தடுப்பு வச்சு, வாரநாள் சாயங்காலத்துல பந்தயம் நடத்துவாங்க. வெயில் காலம் வந்தா சில கிளப்புகள் தார் ரோட்டுக்கும் புல் தரைக்கும் போயிடும். எல்லாத்துக்கும் மேல பி.ஆர்.சி.ஏ.ன்னு தேசிய அளவுல ஒரு சங்கம். அதுல உறுப்பினர் ஆனா உங்க கார் யார் காலையாவது பதம் பார்த்துடுச்சுன்னா இன்ஷூரன்ஸ் உண்டு. முக்கால் கிலோமீட்டர் நடக்கவே மூச்சு வாங்கற தாத்தாவும் பத்து வயசுப் பேரனும் ஒரே மேடையில பக்கத்துல பக்கத்துல நின்னு ஓட்டுற விளையாட்டு வேற எங்கே இருக்கு சொல்லுங்க.

கார்லயும் நிறைய சாதி இருக்கு. 1/10 அளவுல டூரிங் கார் (நாலு சக்கரமும் இழுக்கும், அகலம் 190 மி.மீ.), மண்ணுலயும் புல்லுலயும் குதிச்சு ஓடற பக்கி, குட்டியா மினி, 1/12 அளவுல ஸ்பாஞ்ச் டயர் போட்ட தட்டையான கார், எண்ணெய் குடிச்சு ஓடற 1/8 பக்கி, இப்படி. நீங்க ஆசைப்பட்டு 1/8 பக்கி வாங்கிட்டு, கிளப்புல எல்லாரும் மினி ஓட்டினா, வீட்டு வாசல்ல தனியா ஓட்டிப் பார்த்துக்க வேண்டியதுதான். அதனால முதல்ல ஒரு சாயங்காலம் வெறுங்கையோட போங்க. எந்தப் பிரிவுல அதிகக் கார் இருக்குன்னு எண்ணுங்க. அதைத்தான் வாங்கணும். நிறையப் பேர் ஓட்டற கார்னா, உடைஞ்ச பாகம் பக்கத்து மேஜையிலயே கிடைக்கும், செட்டிங் சொல்லித்தரவும் ஆள் கிடைக்கும். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க.

இப்போ காசு விஷயம். நமக்கெல்லாம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்க விசா இடம் கொடுக்காது. அந்தக் காசுலதான் வாடகை, அரிசி, பருப்பு எல்லாம். தமியா டிடி-02 மாதிரி ஒரு ஆரம்பநிலை கிட் வாங்கினா பாடி, டயர், மோட்டார் எல்லாம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளயே இருக்கும். உச்சத்துல இருக்கற ஸ்லோவாக்கிய எக்ஸ்ரே மாதிரி பந்தயக் கிட் அதைப் போல பல மடங்கு விலை. அதுவும் மோட்டார், டயர், பாடி, ரிமோட் எதுவும் இல்லாம, வெறும் எலும்புக்கூடு! டிடி-02 வாங்கினா கூடவே ஒரே ஒரு செலவு பண்ணுங்க: பெட்டியில வர்ற பிளாஸ்டிக் புஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு பால் பேரிங் செட் மாட்டுங்க. அடுத்ததா எண்ணெய் ஊத்தற ஷாக். மிச்சக் காசுல டயர் வாங்குங்க. தங்க நிறத்துல மின்னுற அலுமினியப் பாகமெல்லாம் போட்டோவுக்குத்தான் அழகு.

"அண்ணா, அப்போ வேகமே வேண்டாமா?"ன்னு தம்பி விடலை. சரி, ஒரு கணக்குப் போடலாம் வாங்க.

பெரும்பாலான கிளப்புல ஒரு சுற்று 5 நிமிஷம். 5 நிமிஷம் முடியறப்போ நீங்க ஓடிக்கிட்டிருக்கிற லேப்பை முடிக்கணும். யார் அதிக லேப் போட்டாங்களோ அவங்க முன்னாடி. லேப் சமம்னா யார் சீக்கிரம் முடிச்சாங்கன்னு பார்ப்பாங்க. கார்ல இருக்கிற ட்ரான்ஸ்பாண்டர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் எண்ணிக்கிட்டே இருக்கும்.

ராமன் ஒரு லேப்பை 15.2 செகண்ட்ல, எங்கேயும் முட்டாம ஓட்டறான். 20 லேப், 304 செகண்ட். சோமன் புது மோட்டார் போட்டு 14.8 செகண்ட்ல பறக்கறான். ஆனா மூணு தடவை தடுப்புல மோதி கவிழ்ந்துட்டான். மார்ஷல் ஓடி வந்து நிமிர்த்தி விட ஒவ்வொரு தடவையும் 8 செகண்ட் போச்சு. 24 செகண்ட் கழிச்சுப் பார்த்தா சோமனுக்கு 19 லேப்தான். ஒரு லேப்புக்கு 0.4 செகண்ட் வேகமா ஓட்டின ஆள் ஒரு முழு லேப் பின்னாடி! அந்தப் புது மோட்டார் காசுக்கு ஒரு மாசத்துக்கு மளிகை வந்திருக்கும்.

அதனாலதான் ஆரம்பிக்கறவங்களுக்கு மெதுவான பிரிவுதான் நல்லது. பிரஷ்லெஸ் மோட்டார்ல டர்ன் எண்ணிக்கை கூடக் கூட வேகம் குறையும். 21.5 மெதுவா ஓடும், 17.5 நடுத்தரம், 13.5 தாண்டிப் போனா கை நடுங்கும். 17.5 மாதிரி 'ஸ்டாக்' பிரிவுகள்ல எல்லாருக்கும் ஒரே டர்ன், ஸ்பீட் கன்ட்ரோலர்ல டைமிங் ஏத்தற வேலையும் பெரும்பாலும் கிடையாது. அங்கே ஜெயிக்கிறது கையும் செட்டிங்கும்தான்.

சரி, கார் வந்தாச்சு, பூட்டியாச்சு. இனி செட்டிங். இதுலதான் நம்ம ஆளுங்க இணையத்துல உலக சாம்பியனோட செட்டிங் தாளைத் தேடி எடுத்து அப்படியே காப்பி அடிப்பாங்க. ஜப்பான்காரர் மசாமி ஹிரோசாகா 14 உலகப் பட்டம் வாங்கினவர். அவர் காரோட செட்டிங் அவர் கைக்கு, அவர் ஓடின தரைக்கு. நம்ம பள்ளிக்கூடக் கம்பளத்துக்கு அது பொருந்தணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லை. கிட்டோட வர்ற புத்தகத்துல போட்டிருக்கிற செட்டிங்ல ஆரம்பிங்க. அப்புறம் இந்த வரிசையில போங்க.

1. கார் நேரா இருக்கா? ஒரு கண்ணாடிப் பலகை மேல காரை வைங்க. முன்பக்கம் சரியா நடுவுல ஒரு கத்தி முனையைக் கொடுத்து மெதுவாத் தூக்குங்க. ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல மேல வரணும். பின்பக்கமும் அதே மாதிரி. ஒரு பக்கம் முந்தினா கார் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மேல்தட்டு இருக்கிற கார்னா அதோட ஸ்க்ரூவை எல்லாம் லூஸ் பண்ணிட்டு, சேஸிஸைப் பலகையில படிய வச்சு திரும்ப முடுக்குங்க. ரெண்டு பக்க ஷாக்கும் ஒரே நீளமான்னும் பாருங்க. இது கோணலா இருக்கிற வரைக்கும் வேற எதைத் தொட்டும் பிரயோஜனம் இல்லை.

2. ஸ்டீயரிங். சர்வோவுக்கு கரண்ட் கொடுத்து நடுவுல நிக்க வச்ச பிறகுதான் அதோட கையை மாட்டணும். இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புதான்னு ரிமோட்ல சரி பண்ணுங்க.

3. கியர். ஸ்பர் பல்லை பினியன் பல்லால வகுத்து, காருக்குள்ள இருக்கிற விகிதத்தால பெருக்கணும். டிடி-02ல 70 வகுத்தல் 22, பெருக்கல் 2.6, ஆக 8.27. பினியன்ல 25 பல் போட்டா 7.28, அதாவது நேர்ல வேகம் கூடும், கிளம்பறது மந்தமாகும், மோட்டார் சூடாகும். 5 நிமிஷம் ஓட்டி முடிச்சதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்க. விரல் வைக்க முடியலைன்னா பினியனைச் சின்னதாக்குங்க. பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளே இருக்கிற காந்தம் அதிகச் சூட்டுல பலம் இழக்கும், திரும்ப வராது.

4. டயர். செட்டிங்ல பாதி இதுதான். கிளப்புல எந்த டயர்னு விதி இருக்கும், அதையே புதுசா வாங்குங்க. தேய்ஞ்ச டயரை வச்சுக்கிட்டு ஸ்ப்ரிங்கை மாத்திக்கிட்டு இருந்தா, ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்ன கதைதான்.

5. உயரமும் சாய்வும். கம்பளத்துல டூரிங் காருக்கு தரையில இருந்து 5 மி.மீ. சுமாரா சரியா இருக்கும். சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே 1.5ல இருந்து 2 டிகிரி சாயணும், இதுக்குப் பேர் கேம்பர். டயர் உள் ஓரம் மட்டும் தேயுதுன்னா சாய்வு அதிகம். அகலம் முழுக்க சமமா தேயணும்.

6. ஸ்ப்ரிங். கார் வளைய மாட்டேங்குது, முன்பக்கம் நழுவிக்கிட்டே போகுதுன்னா, பொதுவா முன்னாடி மெதுவான ஸ்ப்ரிங் போடுங்க. பின்பக்கம் சுத்திக்குதுன்னா பின்னாடி மெதுவாக்குங்க. வளைவுல கார் குட்டிக்கரணம் அடிக்குதுன்னா பிடிப்பு அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். உயரத்தைக் குறைங்க, முன் ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்குங்க. முன் டயரோட பக்கச் சுவர்ல சூப்பர் க்ளூ தடவற வித்தையும் உண்டு, அது தரையில ஒட்டறதைக் குறைக்கும்.

இதுல தங்க விதி ஒண்ணுதான்: ஒரு தடவைக்கு ஒரு மாத்தம். மாத்தினதை நோட்டுல எழுதுங்க, ஓட்டுங்க, சராசரி லேப் நேரத்தைப் பாருங்க. சிறந்த லேப்பைப் பார்க்காதீங்க, அது ஆசை காட்டி மோசம் பண்ணும். மூணு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்திட்டு கார் நல்லா ஓடினா, எதனால ஓடுதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஆராய்ச்சி மாணவன்னு பேர் வச்சுக்கிட்டு இதைக் கூட செய்யலைன்னா எப்படி?

கை பழகறதுக்குக் குறுக்கு வழி இல்லை. கார் நம்மை நோக்கி வரும்போது இடது வலது தலைகீழா மாறும், அதுதான் எல்லாரையும் குழப்பும். ஒரு காலி கார் பார்க்கிங்ல ரெண்டு பாட்டிலை வச்சு எட்டு போட்டுப் பழகுங்க. பாதி வேகத்துல முட்டாம 20 எட்டு போட முடிஞ்ச பிறகு விசையை அழுத்தலாம்.

இனி எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம். இதைத் தாண்டிப் போயிடாதீங்க. லிப்போ பேட்டரி. நம்மள்ல பலர் ஒரே வீட்டுல அஞ்சாறு பேரா, கம்பளம் போட்ட ரூம்ல இருக்கோம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தினாலோ, குத்துப்பட்டாலோ லிப்போ தீப்பிடிக்கும். பேலன்ஸ் பண்ற சார்ஜரா வாங்குங்க, யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீங்க. 5000 மில்லி ஆம்பியர் பேட்டரின்னா 5 ஆம்பியருக்கு மேல வேண்டாம். தீ தாங்கற பையில வச்சு, நீங்க முழிச்சு பக்கத்துல இருக்கும்போது மட்டும் சார்ஜ் பண்ணுங்க. தூங்கும்போது கூடவே கூடாது. ஓட்டலைன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வச்சு எடுத்து வைங்க. உப்பிப்போன பேட்டரியை 'இன்னும் ஒரு தடவை'ன்னு சார்ஜ் பண்ணாதீங்க. பல ஹாஸ்டல்ல இதுக்குத் தடை இருக்கும், முதல்ல கேட்டுக்கோங்க. தடைன்னா கிளப்புலயே சார்ஜ் பண்ணிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. உங்க பந்தயம் முடிஞ்சதும் அடுத்த பந்தயத்துக்கு நீங்க மார்ஷல். ஓரமா நின்னு, கவிழ்ற காரை ஓடிப் போய் நிமிர்த்தணும். புதுசா வர்றவங்க இந்த நேரத்துல நைஸா மேஜைக்கு நழுவிடறாங்க. செய்யாதீங்க மக்களே. உங்க கார் கவிழும்போது இன்னொருத்தர் ஓடி வந்தார் இல்லையா? அதோட, நல்லா ஓட்டறவங்க எந்த வளைவுல எப்போ வேகத்தைக் குறைக்கறாங்கன்னு இலவசமாப் பார்க்கக் கிடைக்கிற இடம் அதுதான். நம்ம பேரை வாய்ல நுழைய வைக்க அவங்க பழகறதும் அங்கேதான். யூனிவர்சிட்டிக்கு வெளியே இந்த ஊர்ல நம்மளைப் பேர் சொல்லிக் கூப்பிடற நாலு பேர் இருக்கிறது சின்ன விஷயம் இல்லை. கோப்பை வராட்டியும் அது வந்துடும்.

தம்பி இப்போ ஒரு பழைய டிடி-02 வாங்கியிருக்கான். பேரிங் மாத்தியாச்சு. இன்னும் "வேகமான மோட்டார் எப்போ அண்ணா?"ன்னு வாரம் ஒரு தடவை கேட்கறான். ஒரு சுற்று முழுக்க முட்டாம ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை ஷாக்குக்கு எண்ணெய் ஊத்தி காத்துக் குமிழ் இல்லாம மூடறது எப்படின்னு பார்க்கலாம். இப்போதைக்கு வர்ட்டா!

பி.கு.: லீவுக்கு ஊருக்குக் காரை எடுத்துட்டுப் போறவங்க, தனியா இருக்கிற லிப்போவை செக்-இன் பெட்டியில போடக் கூடாது. முனையை டேப் ஒட்டி மூடி, கைப்பையில வைங்க. 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்னா 37 வாட்-அவர்தான், 100ங்கிற வரம்புக்குள்ளே வந்துடும். இருந்தாலும் உங்க விமான நிறுவனம் என்ன சொல்லுதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.