எங்கள் வகுப்பின் மிஷனரி யார்?

வருடத்துக்கு ஒருமுறை மிஷனரி ஞாயிறு வருகிறது. பணித்தளத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் ஒருவர் ஆராதனையில் அரைமணி நேரம் சாட்சி சொல்கிறார். பல சபைகளில் அந்த நேரத்தில் பிள்ளைகள் ஞாயிறு பள்ளி வகுப்பில் இருப்பார்கள். வந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அடுத்த வாரம் அவர்கள் கையில் ஆளுக்கொரு உண்டியல் கொடுக்கப்படும். தின்பண்டக் காசை மிச்சம்பிடித்து அதை நிரப்பிக்கொண்டு வரும் பிள்ளையிடம், "இது யாருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "மிஷனரிக்கு" என்று சொல்லும். எந்த மிஷனரிக்கு, எந்த ஊரில், அவர் வீட்டில் உன் வயதில் யாராவது உண்டா என்று கேட்டால் விழிக்கும். பிள்ளைமேல் தவறில்லை. நாம் சொல்லித்தரவில்லை.

இப்படி விழிக்கும் பிள்ளைகள் வளர்ந்து வாலிபராகும்போது மிஷனரிப் பணி அவர்களுக்கு ஒரு காணிக்கைக் கவராக மட்டுமே தெரிகிறது. கவரை வாங்கிக்கொள்கிறார்கள், சில மாதம் திருப்பித் தருகிறார்கள், வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனதும் அதுவும் நின்றுவிடுகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாரம் இல்லை" என்று கமிட்டிகளில் குறை சொல்கிறோம். பாரம் என்பது தானாக முளைப்பதல்ல. ஒருவர் இறக்கி வைக்காமல் இன்னொருவர் தோளுக்கு அது வருவதில்லை.

நம்முடைய வரலாறே இதற்குச் சாட்சி. 1902-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே ஒரு மிஷனரி சங்கம் வைத்து, கடலுக்கு இக்கரையில் தொண்டியில் ஊழியம் நடத்த உதவிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டார் அனுப்பிய பணத்திலும் ஆட்களிலும் வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபை, தானே யாரையும் அனுப்பாமல் இருக்கிறதே என்ற உறுத்தலோடு அவர் ஊர் திரும்பினார். மறுவருடம் பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவுக்கு அப்போது வயது 28. ஆறு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு கற்றுக்கொண்டு, தோர்ணக்கல்லுக்கு அவரே மிஷனரியாகப் போனார். 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் கூட்டம் ஒன்று இருந்தது என்பதை நாம் அதிகம் சொல்வதில்லை.

அரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் அதேதான் நடந்தது. 1959-ல் தென் தமிழ்நாட்டில், விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் ஊழியம் செய்துவந்த இளைஞர்கள் சிறு சிறு ஜெபக்குழுக்களாகக் கூடினார்கள். அதுதான் ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் ஆனது. இன்று வட மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே அதன் மிஷனரிகள் இருக்கிறார்கள். அதை எந்தப் பேராயமும் தீர்மானம் போட்டுத் தொடங்கவில்லை. வாலிபர்கள் கூடினார்கள், ஜெபித்தார்கள், பிறகு தங்களுக்குள்ளிருந்தே ஆட்களை அனுப்பினார்கள். இரண்டு முறையும் தொடங்கி வைத்தவர்கள் இளைஞர்கள். இன்று அதே இளைஞர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து அறிக்கை வாசித்துக் காட்டுகிறோம்.

சின்னப் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு வேறு நாடுகளிலும் சான்றுகள் உண்டு. பசிபிக் தீவுகளுக்கு மிஷனரிகளை ஏற்றிச்செல்ல ஒரு கப்பல் தேவைப்பட்டபோது, லண்டன் மிஷனரி சங்கம் இங்கிலாந்துப் பிள்ளைகளிடம் கேட்டது. அவர்கள் ஆறாயிரம் பவுனுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். 1844-ல் 'ஜான் வில்லியம்ஸ்' என்ற அந்தக் கப்பல் கடலில் இறங்கியது. 1856-ல் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தலைக்குப் பத்து சென்ட் போட்டுப் பங்கு வாங்கி, 'மார்னிங் ஸ்டார்' என்ற இன்னொரு கப்பலைக் கட்ட வைத்தார்கள். பத்து சென்ட் கொடுத்த பிள்ளை, "அது என் கப்பல்" என்று சொல்லிக்கொண்டது. அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எந்தத் தீவுக்குப் போகிறது என்று கேட்க அதற்கு உரிமை இருந்தது. நம் உண்டியலில் இல்லாதது அந்த உரிமைதான்.

ஆனால் அந்தக் காலத்திலிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் உழைத்த மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர், 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளிடம் பேசினார். அவர்களுக்கென்றே கடிதங்களும் கதைப் புத்தகங்களும் எழுதினார். அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். வேலூரில் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. அவ்வளவு பெரிய அர்ப்பணிப்பு அந்தக் குடும்பத்துடையது. இருந்தும் அவர் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்களில் இங்குள்ள மக்கள் இருளில் கிடப்பவர்களாக, பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே வருகிறார்கள். அவர்களுடைய மொழியின் அழகும் உழைப்பும் சிரிப்பும் அந்தப் பக்கங்களில் இல்லை. அங்கே வரையப்பட்டவர்கள் வேறு யாருமல்ல, நம் பாட்டன் பூட்டன்மார்.

இன்று நாம் நம் பிள்ளைகளுக்கு ராஜ்மகால் மலையின் மால்தோ மக்களைப் பற்றியோ குஜராத்தின் டாங்ஸ் பகுதிப் பழங்குடியினரைப் பற்றியோ சொல்லும்போது எந்தக் குரலில் சொல்கிறோம்? ஃபிளானல் பலகையிலும் புரொஜெக்டர் திரையிலும் எதைக் காட்டுகிறோம்? மூக்கொழுகும் குழந்தை, கிழிந்த சட்டை, குடிசை. இரக்கத்தை எழுப்பிக் காணிக்கை வாங்குவது எளிது. ஆனால் அப்படி வளரும் பிள்ளை தன்னை மேலேயும் அந்த மக்களைக் கீழேயும் வைத்துப் பார்க்கப் பழகிவிடும். அந்தக் குழந்தையின் படத்தைக் காட்ட அதன் தாயிடம் கேட்டோமா என்ற கேள்வியும் இருக்கிறது. மால்தோ பிள்ளை தன் மொழியில் எண்களை எப்படிச் சொல்லும், மழைக்காலத்தில் எந்தக் காயைப் பறிக்கும், என்ன விளையாடும் என்று சொல்லிக்கொடுங்கள். காலா அசார் காய்ச்சல் அந்த மலையில் எத்தனை வீடுகளை வாட்டியது என்பதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நோயைச் சொல்லலாம், வறுமையைச் சொல்லலாம்; மனிதரைச் சிறுமைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் சபைத் தலைவர்கள் முன் நின்று அசரியா கேட்டதும் இதைத்தான்: தியாகம் எல்லாம் செய்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களாகவும் இருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். நாம் அனுப்புகிறவர்களாக மாறியபின் அந்தக் கேள்வி நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆகவே எங்கள் முன்மொழிவு எளியது. ஞாயிறு பள்ளியின் ஒவ்வொரு வகுப்பும் ஒரு மிஷனரிக் குடும்பத்தைத் தன் குடும்பமாக ஏற்றுக்கொள்ளட்டும். தொகை பிறகு வரட்டும், முதலில் பெயர். வகுப்புச் சுவரில் அந்தக் குடும்பத்தின் படம், அந்த ஊர் குறித்த வரைபடம், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறந்தநாள். மாதம் ஒருமுறை பிள்ளைகள் கையால் ஒரு கடிதம். சிக்னல் கிடைக்கும் நாளில் பத்து நிமிட வீடியோ அழைப்பு. மிஷனரியிடம் "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிள்ளைகள் "உங்க வீட்டுப் பக்கம் பாம்பு வருமா?", "அங்க இட்லி கிடைக்குமா?" என்று கேட்பார்கள். வருடக்கணக்கில் அறிக்கை எழுதிக் களைத்துப்போன ஒரு மனிதருக்கு அந்தக் கேள்விகள் எவ்வளவு ஆறுதல் என்பதை மிஷனரிகள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

மிஷனரிகளின் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அவர்களில் பலர் பெற்றோரைப் பிரிந்து, நம் ஊர்களில், நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே விடுதிகளில் படிக்கிறார்கள். டோனாவூரில் அவர்களுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. வேறு சிலர் இந்தி வழியில் படித்துவிட்டுத் திடீரென்று தமிழ்நாட்டு வகுப்பறைக்கு வந்து, தமிழ் எழுத்துக்கூட்டித் திணறுகிறார்கள். பெற்றோர் எடுத்த தீர்மானத்தின் விலையை அவர்களும் கொடுக்கிறார்கள். சில நேரம் அந்த விலை தாங்க முடியாதது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தங்கள் தந்தையான மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸோடு வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்ட பிலிப்பும் திமோத்தியும் ஊட்டியில் தங்கிப் படித்துவந்த பிள்ளைகள். விடுமுறைக்கு அப்பாவிடம் போனவர்கள். அவர்களுடைய தாய் கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாகச் சொன்னார். அதன்பிறகும் பல வருடம் ஒடிசாவிலேயே தொழுநோயாளருக்குப் பணி செய்தார். இதை வாலிபர் கூடுகைகளில் சொல்லும்போது, கோபத்தைத் தூண்டச் சொல்லாமல் அந்த மன்னிப்பின் கனத்தோடு சொல்ல வேண்டும்.

விடுதியில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்? இரண்டாம் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துவரலாம். கிறிஸ்துமஸ் சட்டை எடுக்கும்போது அதற்கும் ஒன்று எடுக்கலாம், அதற்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டு. தமிழ் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம். இதற்குச் சங்கம் வேண்டாம், நிதி வேண்டாம். விடுதி நிர்வாகத்தின் அனுமதியும், கூட ஒரு பெரியவரின் பொறுப்பும் இருந்தால் போதும். பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் எந்த நெகிழ்வும் கூடாது.

ஓய்வுபெற்ற மிஷனரிகளையும் மறந்துவிடுகிறோம். முப்பது வருடம் வடக்கே இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் பழங்குடி மொழியைப் புரிந்துகொள்ளத் தெருவில் ஒருவரும் இல்லை. மருந்துச் சீட்டோடு பேருந்தில் போய்வருகிறார்கள். வாலிபர் சங்கத்தில் இரண்டு சக்கர வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர் இருந்தால், ஓர் அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவராவது கிடைக்க மாட்டாரா? போகும் வழியில் அவர் சொல்லும் கதைகளை செல்பேசியில் பதிவுசெய்து வைத்தால், நாளைய சபைக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

வாலிபர்களிடம் நாம் கேட்க வேண்டியது காசையும் உழைப்பையும் மட்டுமல்ல, கருத்தையும்தான். டிசம்பர் பனியில் தொண்டை கட்டக் கட்ட கீத பவனி போய்ப் பணம் சேர்ப்பவர்கள் அவர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. மிஷனரி நிதிக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்ட இருவராவது, அதில் ஒருவராவது பெண்ணாக, வாக்குரிமையோடு உட்கார வேண்டும். வரவு செலவு அவர்கள் கேட்கும்போது காட்டப்பட வேண்டும். கணக்குக் கேட்பதை அவிசுவாசம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மூத்தவர்கள் விட வேண்டும். மிஷனரி சங்கங்களும் தாங்குகிற சபைக்கு அச்சடித்த பொது அறிக்கையோடு நின்றுவிடாமல், வகுப்புக்கு வகுப்பு பதில் எழுத ஒருவரை ஒதுக்க வேண்டும். பிள்ளை எழுதிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அது இரண்டாவது கடிதம் எழுதாது.

நர்சிங் படிப்பவர், கணினி படிப்பவர், வேளாண்மை படிப்பவர் என்று சபையில் எல்லோரும் இருக்கிறார்கள். இரண்டு வாரம் பணித்தளத்துக்குப் போய் எழுத்தறிவுப் புத்தகத்துக்குப் படம் வரைந்து தரவோ, மருத்துவ முகாமில் சீட்டு எழுதவோ அவர்களால் முடியும். போகுமுன், அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திர உரிமையையும், அது பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்பதையும், அந்தந்த மாநிலச் சட்டத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடமோ மருந்தோ யாருடைய நம்பிக்கைக்கும் விலையாகக் கொடுக்கப்படக் கூடாது. மனச்சாட்சியை வாங்க முடியாது. அயல்வீட்டுக்காரர் வேறு மதத்தவராக இருந்தாலும், "இந்தப் பிள்ளைகள் நல்ல காரியம் செய்கிறார்கள்" என்று சொல்லும்படியாக நம் வாலிபர்களின் பேச்சும் பதிவுகளும் இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் யோசிக்காமல் போடும் ஒரு படம் பணித்தளத்தில் ஒரு குடும்பத்தையே ஆபத்தில் தள்ளிவிடும்.

வீட்டின் பங்கைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது அதுதான். 1910 முதல் மிசோரம் திருச்சபையின் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் அரிசி அளக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கி வைக்கிறார்கள். வசதியில்லாத அந்த மலைநாடு, தன் மிஷனரிகளைப் பல மாநிலங்களுக்கு அனுப்பியதில் அந்தப் பிடி அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. பிரசங்கத்தில் கேட்பதற்கு முன்பே, அம்மா பானையிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுப்பதை அங்குள்ள பிள்ளை பார்த்துவிடுகிறது. நம் ஊர்களிலும் பிடி அரிசிக் காணிக்கை புதிதல்ல. குக்கர் வந்தபின் பல வீடுகளில் அது நின்றுவிட்டது. அந்த டப்பாவை மறுபடியும் அடுப்படியில் வைத்து, அரிசியை எடுத்துப்போடும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுக்கலாம். குடும்ப ஜெபத்தில் அந்த மிஷனரியின் பெயரைச் சொல்லும் முறையும் அதற்கே இருக்கட்டும்.

ஒவ்வொரு மே மாதமும் விடுமுறை வேதாகமப் பள்ளி வருகிறது. அதற்கு முன் பல சேகரங்களில் ஆயத்தக் கூட்டங்கள் நடக்கின்றன. பாட்டு, கைவேலை, சிற்றுண்டி, பரிசு என்று பட்டியல் போடும் அந்தக் கூட்டத்துக்கு இந்த முறை இரண்டு வாலிபர்களையும் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையையும் அழையுங்கள். எந்த மிஷனரிக் குடும்பத்துக்கு நாம் கடிதம் எழுதப்போகிறோம் என்பதை அவர்களே தெரிந்தெடுக்கட்டும்.