"நல்லா இருக்கேன்" என்றால் நம்பாதீர்கள்



ஐப்பசி பிறக்கப் போகிறது. இனி டிசம்பர் முடிகிறவரை வேதாரண்யம் பக்கத்தில் எங்களுக்கு வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் உங்களுக்கு டிவி பார்ப்பது வேலை. புயல் என்றதும் மணிக்கொரு தரம் போன் போட்டு "அம்மா, எப்படி இருக்கே?" என்பீர்கள். அந்தக் கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல். எங்கள் பெரியக்காவுக்கு அப்போது 73 வயது. ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் சாயங்காலம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்றே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைச் சொல்லவில்லை. பசுவை விட்டுப் போக மனசில்லை என்பதையும் சொல்லவில்லை. போன் சார்ஜ் பேசிப் பேசியே தீர்ந்தது.

நள்ளிரவுக்கு மேல் ஓடுகள் பறந்தன. நடுவில் காற்று சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று நினைத்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடித்து, கொட்டகை மேல் தென்னை விழுந்தது. கால் எலும்பு முறிந்து விடியும்வரை அங்கேயே கிடந்தார்.

நான் நாலு தெரு தள்ளி மாடி வீட்டில் இருந்தேன். என்னிடமும் அதே பதிலைத்தான் சொன்னார், நானும் நம்பினேன். அதே ராத்திரி சமையலறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என் மகளிடம் நானும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னேன். எங்கள் வயதில் எல்லோரும் இந்தப் பொய்யைச் சொல்கிறோம்.

டவர்கள் சாய்ந்துவிட்டன. மகனுக்குத் தகவல் போக மூன்று நாள் ஆயிற்று. அவன் நம்பர் அக்காவின் அணைந்த போனுக்குள் இருந்தது. எனக்கும் மனப்பாடம் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை உங்களை ஒப்பிக்க வைத்தவள் நான்! பழைய டைரியில் கிடைத்த நம்பரைச் சீட்டில் எழுதி, மயிலாடுதுறை பக்கம் போன லாரிக்காரரிடம் கொடுத்தோம். புண்ணியவான், சிக்னல் கிடைத்த இடத்தில் லாரியை நிறுத்தி வாட்ஸப்பில் செய்தி போட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இன்னிக்கு ராத்திரி யார் வீட்டில் படுக்கப் போறே?" இதற்கு "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்ல முடியாது. அந்த வீடு எது என்பதைப் புயல் சின்னம் உருவான பிறகு பேசினால் நடக்காது. தீபாவளிக்கு வரும்போது இனிப்பு டப்பாவோடு நேரில் போய் அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாட்டுக்கும் இடம் கேளுங்கள். மாட்டுக்கு வழி செய்யாமல் எந்த அம்மாவும் நகர மாட்டார். காற்று நின்றால் உடனே வெளியே வரக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.

நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஒருவரின் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் நம்பர் அம்மாவின் வீட்டில் காகிதத்தில் இருக்க வேண்டும். காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் என்று முடிவு செய்து எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பேச லைன் கிடைக்காதபோதும் சில சமயம் அது போய்ச் சேரும். ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வெளியூரிலிருந்து கூப்பிட்டால் மாவட்டத்தின் எஸ்டிடி கோடு முன்னால் சேர்க்க வேண்டும்.

மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்கட்டும். சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 27 நாள் ஆயிற்று. ஏடிஎம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, அடிபம்புதான். ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் போகட்டும். பழைய புயல் வீடியோக்களை மட்டும் தயவுசெய்து எங்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

"பேசாமல் எங்களோடு வந்துவிடலாமே" என்று சிலர் கேட்பீர்கள். வர மாட்டோம். அதை விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பேசுங்கள்.

அக்கா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். போன வருடம் மழை எச்சரிக்கை வந்த அன்றே பசுவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பசு என் முருங்கைக் கன்றைத் தின்று தீர்த்தது.

உங்களில் பலரின் அம்மா அப்பா இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நடந்து போய்ப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் என் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். கீழத்தெரு வரைக்கும் நான் போய்ப் பார்ப்பேன். அதற்கு மேல் முட்டி வலிக்கிறது, வேறு ஆள் பாருங்கள்.