கடலில் ஓர் இரவு... கண் திறக்க 40 ஆண்டுகள்!

ஆலயத்தில் கண்ணீர்விட்டு ஜெபித்துவிட்டு வந்த மறுநாளே அதே கோபம், அதே பொய், அதே பொறாமை. `நான் உண்மையிலேயே மனந்திரும்பிவிட்டேனா?' என்ற சந்தேகம் பல கிறிஸ்தவர்களுக்கு வருவதுண்டு. அவர்களுக்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது.

உலகமே பாடும் `அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர் இவர்தான். 1725-ல் லண்டனில் பிறந்தார். ஏழு வயது நிறையும் முன்பே தாயை இழந்து, சிறுவயதிலேயே கப்பலேறினார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். கடவுளைக் கேலி செய்வதில் மாலுமிகளையே மிஞ்சினார்.

1748 மார்ச் மாதம், அட்லான்டிக் கடலில் அவர் வந்த `கிரேஹவுண்ட்' கப்பல் பெரும் புயலில் சிக்கியது. மேல்தளத்துக்கு ஓடிய நியூட்டனை, கத்தி எடுத்து வரும்படி கேப்டன் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போனவரை அலை அடித்துச் சென்றது. அன்று நியூட்டன் கடவுளிடம் இரக்கம் கேட்டார். கப்பல் எப்படியோ அயர்லாந்தில் கரை சேர்ந்தது. அந்த நாளை வாழ்நாள் முழுக்க நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

புயல் ஓய்ந்தது... தொழில் ஓயவில்லை!

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால், அதன் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பல்களுக்கு கேப்டன் ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி, கரீபியன் தீவுகளில் விற்றார். கப்பலின் அடித்தளத்தில் அவர்கள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். மேலே, மாலுமிகளுக்கு நியூட்டன் ஆராதனை நடத்தினார்!

கெட்ட வார்த்தையை விட்டவருக்கு, காலடியில் கேட்ட சங்கிலிச் சத்தம் உறைக்கவில்லை. காரணம் எளிமையானது. சட்டம் அதை அனுமதித்தது. ஊர் அதை கௌரவமான தொழில் என்றது. 1754-ல் கடலை விட்டதும்கூட உடல்நலம் கெட்டதால்தான்.

1764-ல் குருவானவரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாடலை எழுதினார். அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் எழுதிய கையேடு வெளிவந்ததோ 1788-ல். புயலுக்கும் அதற்கும் இடையே 40 ஆண்டுகள்! தான் செய்ததையும் கண்டதையும் வெட்கத்தோடு அதில் எழுதினார். இந்த அறிக்கை தாமதமாக வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சி சொன்னார். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில், 82 வயதில் நியூட்டன் மறைந்தார்.

தூங்கிப்போன சீடர்கள்

கெத்செமனே தோட்டத்தில், விழித்திருந்து ஜெபிக்கும்படி இயேசு சீடர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்களுக்கு அவர்மீது வெறுப்பில்லை, தூக்கம்தான் வந்தது. உயிரே போனாலும் கைவிட மாட்டேன் என்ற பேதுரு, அந்த இரவு விடியும் முன்பே மூன்று முறை அவரை மறுதலித்தார்.

நியூட்டனுக்கு நேர்ந்ததும் இப்படியொரு தூக்கம்தான். குடி, பொய், கோபம் போன்ற பாவங்கள் நம் கண்ணுக்குத் தெரியும். `எல்லோரும் செய்வதுதானே' என்று பழகிப்போனவை தெரியாது. வீட்டுவேலை செய்பவருக்குத் தனி டம்ளர், உழைத்தவருக்கு இழுத்தடிக்கும் கூலி, மருமகளிடம் மட்டும் ஏறும் குரல்... இவையெல்லாம் ஜெபம் தவறாத வீடுகளிலும் உண்டு. மனந்திரும்புதல் ஒரே நாளில் தொடங்கலாம். விழிப்போடு இருந்தால்தான் அது வளரும்.

இரவு ஜெபத்தில் `இன்று என்ன தவறு செய்தேன்?' என்று கேட்பது நல்ல பழக்கம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். `நான் சரி என்று நினைத்துச் செய்ததில், யாருக்கு வலித்தது?' யாராவது ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தால், விடிந்ததும் முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.