கண் தெரிகிறதே என்று இருந்துவிடலாமா?

சென்ற மாதம் பங்கில் வீடு சந்திக்கச் சென்றபோது, மூன்று மாதக் கருவுற்றிருந்த இளந்தாய் ஒருத்தியைக் கண்டோம். திருமணத்திற்கு முன்பிருந்தே அவளுக்கு நீரிழிவு உண்டு. கண்ணைச் சோதித்துவர வேண்டுமென்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். "கண்தான் நன்றாகத் தெரிகிறதே, சாமி! பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மாமியார். நாமும் தலையசைத்து, ஆசீர் அளித்துத் திரும்பினோம். அத்தலையசைப்பு எத்துணைத் தவறு என்பதைக் கண் மருத்துவரான நண்பர் ஒருவர் விளக்கிய பிறகே உணர்ந்தோம்.

நீரிழிவு, கண்ணின் உட்புறத் திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இதற்கு முதற்காரணம் இரத்தத்தில் மிகும் சர்க்கரையே. எனினும் சர்க்கரை மட்டுமே காரணமன்று. உடலின் சுரப்பிகள் இரத்தத்தில் கலந்து அனுப்பும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு வியப்பானது.

அர்ஜென்டினா நாட்டு அறிஞர் பெர்னார்டோ ஊசே, கணையம் நீக்கப்பட்ட நாய்களில் பிட்யூட்டரி என்னும் மூளையடிச் சுரப்பியையும் நீக்கினால் நீரிழிவின் கடுமை தணிவதைக் கண்டார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953இல் டென்மார்க் மருத்துவர் பவுல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நீரிழிவால் கண் பழுதுற்றிருந்த அப்பெண்ணுக்குப் பிரசவத்தை அடுத்துப் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்தது. பின்னர் கண்ணிலிருந்த நோய்க்குறிகள் மறைந்தன!

இதனைக் கண்ட மருத்துவர்கள், பார்வையைக் காக்கவென்றே சிலருக்கு அச்சுரப்பியை அறுவை செய்து நீக்கினர். சிலருக்குக் கதிர்வீச்சால் அழித்தனர். அச்சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் கண்நோய் தணியும் என்பது அவர்கள் கருத்து. சிலர் பார்வை காக்கப்பட்டது. ஆனால் விலை பெரிது. மற்றச் சுரப்பிகளை ஆளும் தலைமைச் சுரப்பியை இழந்தவர், வாழ்நாள் முழுதும் மாற்று மருந்துகளை நம்பி வாழ நேர்ந்தது. லேசர் ஒளிச் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பெரிதும் குறைக்கிறது என்பது 1976இல் வெளியான அமெரிக்க ஆய்வால் உறுதியானது. பழைய அறுவை முறையும் வழக்கொழிந்தது.

முறை ஒழிந்தாலும், அது கற்பித்த பாடம் ஒழியவில்லை. ஹார்மோன்கள் பெருகி மாறும் காலங்களில் நீரிழிவுள்ளோரின் கண் தனிக் கவனம் வேண்டுகிறது. பிள்ளைகள் பருவமடையும் காலம் ஒன்று. கருவுற்ற காலம் மற்றொன்று. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. உடலின் இரத்த ஓட்டமும் மாறுகிறது. அதனால் முன்பே நீரிழிவுள்ள தாயின் கண்நோய் சில திங்களிலேயே விரைந்து முற்றக்கூடும். ஆகவே முதல் மூன்று மாதத்திற்குள் கண்ணைச் சோதித்தல் வேண்டும். பின்னரும் மருத்துவர் குறிக்கும் நாளில் செல்லல் வேண்டும். கருவுற்றபின் மட்டும் சர்க்கரை தோன்றியவர்க்கு இவ்வபாயம் மிகக் குறைவு.

இந்நோய் வலிப்பதில்லை, தொடக்கத்தில் பார்வையும் குறைவதில்லை. மருந்துத் துளியிட்டுக் கண்மணியை விரித்து, உட்புறத்தைப் பார்த்தால்தான் புலப்படும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பயனோ பெரிது. இன்சுலினை நம்பி வாழ்வோரிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்ற கண்ணில் நோய் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது.

இவற்றையெல்லாம் கேட்டபின் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே அவ்வீட்டிற்குச் சென்று, "அம்மா, அன்று யாம் தலையசைத்தது தவறு" என்றோம். மாமியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், சாமி" என்றார். சோதனையில் சிறு இரத்தப் புள்ளிகள் சில தென்பட்டனவாம். இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் குறித்த நாளில் தவறாது வரவேண்டும் என்றார்களாம்.

உங்கள் இல்லத்தில் நீரிழிவுள்ளோர் இருப்பின், கண்ணைச் சோதித்து ஆண்டொன்று ஆகிவிட்டதா என்று இன்றே கேளுங்கள். கருவுற்ற மகளோ மருமகளோ இருப்பின், பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திராதீர்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைத் தாய் கண்குளிரக் காண வேண்டாமா?