‘மேக்’ என்னும் வினையும் மேட்டிமையும்

ஆங்கிலத்தில் இடறுவோரை அறிவிற் குறைந்தோராகக் கருதுவோர் பல்கலைக்கழகங்களில் இன்றும் உளர். அவ்வாங்கிலத்திலே தேநீர், பணம், இரைச்சல், தவறு ஆகிய அனைத்தும் ‘மேக்’ என்ற வினையோடு சேரும். வீட்டுப்பாடம் மட்டும் ‘டூ’வை நாடும். ஏனென வினவின், வழக்கு என்பதன்றி வேறு விடையில்லை. ‘மேக்’ ஆக்குதலையே குறிக்குமெனில் படுக்கையை ‘மேக்’ செய்பவர் தச்சராதல் வேண்டும். விரிப்பைச் சீராக்குபவரையும் அத்தொடர் குறிக்கின்றதே! பிரெஞ்சின் ‘ஃபேர்’, ஜேர்மனின் ‘மாகென்’ ஆகியன, தமிழின் ‘செய்’ போன்று, தவறுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் ஒருங்கே பொருந்துவன. எனவே தவற்றை ‘டூ’வோடு இணைக்கும் தமிழ் மாணவர் தம் மொழியின் நெறியையே பின்பற்றுகின்றார். பிழை திருத்தப்பட வேண்டியதே, ஐயமில்லை. ஆயின் தனிச்சொற்களின் பொருளை மட்டும் மனனஞ் செய்வித்துவிட்டு, அவர் வாய் திறந்ததும் நகைப்பது எவ்வகைக் கற்பித்தல்? நகைப்போருள் எத்தனைபேர் தமிழில் ஒரு பந்தியைப் பிழையற எழுதுவர்?