பால் கணக்குக்கு டாலி எதற்கு?

காரைக்குடியில் ஒரு காலேஜ் மாணவர், "வீடியோ எடிட்டிங் கத்துக்கணும்" என்று வாய் திறந்தால் போதும். "பிரீமியர் போடு தம்பி, மத்ததெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று உடனே பதில் வரும். செல்போன் கடை அண்ணன் சொல்வார். பக்கத்து பெஞ்சு நண்பன் சொல்வான். வாழ்நாளில் ஒரு வீடியோவைக் கூட வெட்டி ஒட்டிப் பார்க்காத சீனியர் அடித்தே சொல்வார்! என்ன வீடியோ, எத்தனை நிமிஷம், யார் பார்க்கப் போகிறார்கள், வீட்டில் இருப்பது என்ன லேப்டாப்... இந்த நாலு கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

இந்த இலவச அறிவுரையின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பி.காம். மாணவர். ஊர் கானாடுகாத்தான் பக்கம். (பெயர் வேண்டாம், பையன் பாவம்!) வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று விஎச்எஸ் கேசட்டுகள் கிடைத்தன. 1998-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணம். ஒரு கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நல்லவேளையாக ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மூன்றையும் பென் டிரைவில் ஏற்றி வாங்கிவிட்டார். மொத்தம் ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் எங்கோ ஓர் இடத்தில், இசைகுடிமானம் எழுதும்போது, பட்டாலையில் உட்கார்ந்து ஐயா பேசுகிறார். ஐயா காலமாகிப் பல வருஷம். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஐயா பேசுற இடத்தை மட்டும் தனியா எடுத்துக் குடுப்பா."

அவ்வளவுதான் வேலை. இரண்டு வெட்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஆனால் நம் மாணவர் "எடிட்டிங்" என்று இறங்கிவிட்டாரே! சீனியர் கொடுத்த கிராக் செய்த பிரீமியரைத் தன் 4 ஜிபி ராம் லேப்டாப்பில் ஏற்றினார். அந்த மென்பொருளுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி வேண்டும் என்று அதைச் செய்த அடோபி நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. யார் படித்தது? திறப்பதற்குள் ஒரு டீ குடித்து வந்துவிடலாம். திறந்தபின் டைம்லைன், சீக்வென்ஸ், பின், கோடெக் என்று ஒரே மிரட்டல். யூடியூபில் தமிழ் டுட்டோரியல் பார்க்க ஆரம்பித்தார். நாற்பது பாகம். பதினேழாம் பாகத்தில் வாத்தியார் தலைப்பு எழுத்தைத் தீப்பிடிக்க வைத்துக் கொண்டிருந்தார். அதற்குள் கிராக்கோடு வந்த வைரஸ் லேப்டாப்பைப் படுக்க வைக்க, ஃபார்மட், மறுபடி இன்ஸ்டால், நடுவில் செமஸ்டர் பரீட்சை. ஆறு மாசம் ஓடிவிட்டது. இந்த ஆறு மாசத்தில் அப்பத்தாவின் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. வீட்டுப் பால் கணக்கு எழுத யாராவது டாலி வாங்குவார்களா? காலண்டர் பின்பக்கம் போதும். அதே சமயம் செக்காலை ரோட்டு மொத்த வியாபாரி காலண்டர் பின்பக்கத்தில் ஜிஎஸ்டி கணக்கு எழுதினால் ஆடிட்டர் அழுதுவிடுவார். கருவியின் தகுதியை வேலைதான் தீர்மானிக்கிறது. வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், தங்கள் ஆறு மாசத்தை அதே தலைப்பில் எழுதிப் பார்ப்பதில்லை.

"கிராக் தானே, ஓசிதானே" என்பவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சம்பாதிப்பதற்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வருமா என்று சிரிக்கலாம். சரி, வராது என்றே வைத்துக்கொள்வோம். வைரஸ் வருமே!

இப்போது வழக்கமான வாதத்துக்கு வருவோம். "புரொஃபஷனல் ஆகணும்னா புரொஃபஷனல் சாஃப்ட்வேர் வேணும்."

இதை வேறு எந்த ஊரில் சொன்னாலும் பரவாயில்லை. காரைக்குடியில் நின்று சொல்லலாமா? ஏ.வி. மெய்யப்பன் இந்த ஊர்க்காரர். உலகப்போர்க் காலத்தில் சென்னையில் ஸ்டுடியோ நடத்தும் வசதி கிடைக்காதபோது சொந்த ஊருக்கே திரும்பி வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1947-ல் வந்து ஓடோ ஓடென்று ஓடிய 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். கோடம்பாக்கத்துக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகு. கீற்றுக் கொட்டகைக்குள் புரொஃபஷனல் வேலை நடந்தது, சாமி!

அதே காரைக்குடியில் பிறந்த எஸ்.பி. முத்துராமன், பின்னாளில் 'முரட்டுக்காளை' (1980), 'சகலகலா வல்லவன்' (1982) எல்லாம் இயக்கியவர், தொழில் கற்க ஆரம்பித்தது ஏவிஎம் எடிட்டிங் அறையில் உதவியாளராகத்தான். அந்தக் காலத்து எடிட்டிங் அறையில் என்ன இருந்தது? பிலிமை ஓட்டிப் பார்க்க ஒரு மூவியோலா, குறி போட ஒரு பென்சில், வெட்ட ஒரு கத்தரி, ஒட்ட ஒரு பசை. அவ்வளவே. 'அன்டூ' கிடையாது. வெட்டுவதற்கு முன்னால் எங்கே வெட்டுவது, ஏன் அங்கே வெட்டுவது என்று யோசித்தாக வேண்டும். அந்த யோசனைக்குப் பெயர்தான் எடிட்டிங். இன்றைக்கு மூவி மேக்கர் மாதிரி ஒன்றைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள், அதில் உள்ள வசதிகளில் கால்வாசி கூட இல்லாமல் எத்தனை படங்கள் வெட்டப்பட்டன என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பழைய கதை வேண்டாமா? புதுசுக்கு வருவோம். 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்' வெட்டப்பட்டது ஃபைனல் கட் புரோ 7 என்ற மென்பொருளில். ஆப்பிள் நிறுவனம் அந்த வரிசையை 2011-லேயே கைவிட்டுவிட்டது! எடிட்டருக்குக் கை பழகியிருந்தது, வேலை நடந்தது, அவ்வளவுதான் காரணம். இங்கே நம் ஆட்கள், புது வெர்ஷன் வரவில்லை என்று காலேஜ் ஆண்டு விழா வீடியோவைத் தள்ளிப் போடுகிறார்கள்.

அதே 2011-ல் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்று எளிமைப்படுத்திய ஒன்றை வெளியிட்டபோது, உலகம் முழுக்க எடிட்டர்கள் "இது வெறும் ஐமூவி" என்று கிண்டலடித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பல கேமரா காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும் வசதி அதில் அப்போது இல்லை. பழைய புராஜெக்டைத் திறக்கவும் முடியவில்லை. அதாவது, தங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள், அது இல்லையென்று கத்தினார்கள். நம் ஊரில் அது தலைகீழ். பல கேமரா என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அந்த வசதி இல்லாத மென்பொருளைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள்.

கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர் கதை வேறு. மூன்று கேமராவில் எடுத்த திருப்பூட்டும் காட்சியைச் சேர்க்க வேண்டும், ஒரு கேமராவில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியும் மண்டபத்தை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவர் சந்தா கட்டிப் பிரீமியர் வைத்துக்கொள்ளட்டும், தொழில் செலவு. (அதில் இருக்கிறது என்பதற்காகக் கழுத்துருவைச் சுற்றி ரோஜாப்பூ பறக்க விடுவதை மட்டும் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.) குறும்படம் எடுத்தே தீருவேன் என்று நிற்பவர்களும் பெரிய மென்பொருளைப் பழகத்தான் வேண்டும். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே நிறைய செய்யலாம். ஆனால் அதுவும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். இலவச யானைதான், தீனி யார் போடுவது?

எளிய மென்பொருளை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை. அதை நம்பி உட்கார முடியாது. விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக் மட்டுமா இருந்தது? நம்மவர்கள் செல்போனில் வீடியோ வெட்டிக் கொண்டிருந்த விவா வீடியோவும் இருந்தது. ஒரே ராத்திரியில் பாதி வேலையோடு நின்றவர்கள் உண்டு. ஆனால் இதற்கு மருந்து பெரிய மென்பொருள் அல்ல. அதற்கும் சந்தா நின்றால் கதவு சாத்தப்படும்! எடுத்த வீடியோவை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வைத்து, முடித்த வேலையைச் சாதாரண எம்பி4 ஆகவும் வைத்துக்கொண்டால், எந்தக் கம்பெனி கடையைக் கட்டினாலும் கவலை இல்லை.

நம் மாணவருக்கு வருவோம். கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. ஃபார்மட் செய்த லேப்டாப்பில் கிராக் மறுபடி ஏறவில்லை, அவ்வளவுதான். எரிச்சலில் ஷாட்கட் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளை இறக்கினார். பழைய கேசட் தரத்து வீடியோவுக்கு 4 ஜிபி ராம் போதும் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். கேசட் வீடியோவில் ஆட்கள் கையை ஆட்டினால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியுமே, அதையும் அது தானாகவே சரி செய்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தார். ஐயா பேசும் இடத்தைத் தேடுவதற்குத்தான் இரண்டு மணி நேரம் ஆனது. வெட்டுவதற்கு இரண்டு நிமிஷம். ஸ்டுடியோக்காரர் அந்தக் காலத்தில் பல இடங்களில் சினிமாப் பாட்டைப் போட்டு நிஜக் குரலை மூடியிருந்தார். நல்லவேளை, இசைகுடிமானப் பகுதியில் கை வைக்கவில்லை. பதினோரு நிமிஷ வீடியோ. தலைப்பு இல்லை, இசை இல்லை, பறக்கும் பூ இல்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்.

அப்பத்தா வளவில் உட்கார்ந்து, டிவி ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து மூன்று தடவை பார்த்தார்கள். பிரீமியரா, ஷாட்கட்டா என்று கேட்கவில்லை. நாலாவது தடவை போடச் சொல்வார்கள் என்று ரிமோட்டை எடுத்தால், வேறு கேள்வி வந்தது.

"மொய் எழுதுற இடமும் இருக்குமேப்பா, அதையும் போடேன். யார் யார் எவ்வளவு வச்சாகன்னு பார்ப்போம்."