வரிசை ஒப்பீடும் பாடபேதமும்

ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், எல்லாச் சுவடிகளிலும் மாறாது நிற்கும் சொல்லை மூலபாடமெனக் கொள்கிறார். ஐயமுள்ள இடங்களில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருகிறார். பல உயிர்களின் புரோட்டீன்களிலுள்ள அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இணையான அமிலங்கள் ஒரே செங்குத்துப் பத்தியில் அமையுமாறு நிறுத்தும் பல்வரிசை ஒப்பீடும் இத்தகைய பணியே. ஆனால் பாடபேதம் காட்டும் நல்வழக்கம் இத்துறையில் போதிய அளவு வேரூன்றவில்லை.

இம்முறையின் பயன் பெரிது. ஹீமோகுளோபினையும், தசையிலுள்ள மையோகுளோபினையும், அவற்றின் இனத்தைச் சேர்ந்த பிற புரோட்டீன்களையும் இவ்வாறு ஒப்பிட்டால், இரும்பணுவைப் பற்றி நிற்கும் ஹிஸ்டிடின் ஒன்று அனைத்திலும் மாறாதிருப்பது புலனாகும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாத ஒன்று மாறினால் கேடு விளையக்கூடும் என்பதற்கு இஃது அறிகுறி. மனிதரின் பீட்டாச் சங்கிலியில் 92-ஆம் இடத்திலுள்ள இந்த ஹிஸ்டிடின் டைரோசினாக மாறும்போது, இரும்பு ஆக்ஸிஜனை ஏற்கும் நிலையை இழக்கிறது; தோல் நீலம் பாய்கிறது. நோயாளியின் மரபணுவில் காணும் மாற்றம் தீயதா, தீங்கற்றதா என்று ஆராய்வோர் இன்றும் இத்தகைய பத்திகளை நோக்குகின்றனர். 2024-இல் ரசாயன நோபல் பரிசு பெற்றோருள் இருவரான டெமிஸ் ஹஸ்ஸாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரின் தலைமையில் உருவான ஆல்பாஃபோல்டு 2 என்னும் கணிப்பொறி நிரலும், புரோட்டீனின் வடிவத்தைக் கணிக்க இவ்வொப்பீட்டையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஆயினும் ஒப்பீடு என்பது கண்ணாற் கண்ட உண்மையன்று, ஊகமே. வரிசைகள் இரண்டாயின், வகுத்துக்கொண்ட மதிப்பெண் முறைப்படி மிகச் சிறந்த பொருத்தத்தைக் காண 1970-இல் நீடில்மன், வுன்ஷ் ஆகியோர் வழிகண்டனர். வரிசைகள் பெருகினாலோ கணக்கு அளவிறந்து பெருகும். ஆதலால் 1988-இல் வெளிவந்த கிளஸ்டல் போன்ற நிரல்கள், நெருங்கிய வரிசைகளை முதலில் இணைத்து, ஏனையவற்றைப் படிப்படியாகச் சேர்க்கும் குறுக்குவழியை மேற்கொண்டன. தொடக்கத்தில் தவறாக இட்ட இடைவெளி இறுதிவரை நிலைத்துவிடுவது இதன் குறை. பிற்கால நிரல்கள் இக்குறையைப் பெரிதும் தணித்தனவேயன்றி, முற்றும் ஒழித்தன என்று கூறுவதற்கில்லை. 2008-இல் ஈஸ்ட் இனங்களின் மரபணுக்களை ஏழு நிரல்களால் ஒப்பிட்ட ஆய்வொன்றில், பல மரபணுக்களுக்கு, நிரல் மாறியபோது பரிணாம மரமும் மாறியது.

ஆகவே, கணிப்பொறி தந்தது என்னும் ஒரே காரணத்தால் ஓர் ஒப்பீட்டைத் தீர்ப்பாகக் கொள்வது தகாது. ஆய்வுரைகள் முடிவை மட்டுமன்றி, ஒப்பீட்டையும், நிரலின் பெயரையும், கையாற் செய்த திருத்தங்களையும் உடன் வெளியிடல் வேண்டும். மற்றொரு நிரலால் முடிவு மாறுமாயின் அதனையும் கூறல் வேண்டும். கல்லூரிகளில் நிரலை இயக்கக் கற்பிப்பதோடு, ஒவ்வொரு பத்தியையும் ஐயுற்று நோக்கவும் பயிற்றுதல் வேண்டும். ஒரு நோயாளியிடம் மருத்துவர் கூறும் சொல், அப்பத்திகளுள் ஒன்றைச் சார்ந்திருக்கலாம். பாடபேதம் காட்டுவது பதிப்பாசிரியருக்கு இழுக்கன்று, ஆராய்ச்சியாளருக்கும் இழுக்கன்று.